ஒரே ஒரு மாத்திரை

முதன்முறையாகச் சித்தம் கலங்கி நிற்கும் ஓர் இளைஞனுக்கு எத்தனை மருந்து வேண்டும்? ஒன்றைக் கொடுத்துப் பொறுமையோடு கவனிக்கும் வைத்திய முறையைப் பற்றியும், அது கைநழுவிப் போகும்போது ஒரு குடும்பம் அனுபவிக்கும் துன்பத்தைப் பற்றியும் ஒரு விரிவான பார்வை.

காலை ஒன்பது மணிக்கே வரிசை வாசற்படியைத் தாண்டி வேப்பமரத்தடி வரையில் நீண்டுவிட்டிருந்த ஓர் அரசு மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவில், நெடுநேரம் காத்திருந்தபின் டாக்டரின் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்த அந்தத் தாய், மடியில் வைத்திருந்த மஞ்சள் துணிப்பையைக் கவிழ்த்தபோது, அதிலிருந்து ஓ.பி. சீட்டுகளும், ரத்தப் பரிசோதனைக் காகிதங்களும், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகளும் மளமளவென்று சரிந்தன. பக்கத்தில் இருந்த மகனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். மணிக்கட்டில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு. முழங்காலின்மேல் வைத்த கை விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. வாயோரத்தில் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொள்ளும் நினைவுகூட அவனுக்கு இல்லை. நான்கு மாதத்துக்கு முன்பு வரையில் அவன் பாலிடெக்னிக் படிப்பை முடித்து ஒழுங்காக வேலைக்குப் போய்வந்தவன். பிறகு தூக்கம் போயிற்று. தெருவில் போகிறவர்களெல்லாம் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொன்னான். காதுக்குள் இரண்டு பேர் ஓயாமல் ஏசுவதாகச் சொல்லி, ஒருநாள் செல்போனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டான்.

டாக்டர் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வரிசையாக அடுக்கினார். பிரமையை நீக்கும் மருந்து இரண்டு, கை நடுக்கத்துக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, மனச்சோர்வுக்கு ஒன்று, ஆக ஐந்து.

"இதுல எதைச் சாப்பிட்டப்புறம் தம்பிக்குத் தூக்கம் வந்துச்சும்மா? எதுக்கப்புறம் கை நடுங்க ஆரம்பிச்சுது?"

"எல்லாத்தையும் ஒரே நாள்லதானே ஐயா குடுத்தாங்க. எது எதைப் பண்ணுச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

இக்காட்சியை ஒரே குடும்பத்தின் சரித்திரமாகக் கொள்ளாமல், பல குடும்பங்கள் சொல்லக் கேட்டவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைத்ததாகவே வாசகர்கள் கொள்ள வேண்டும். ஆயினும் அந்தத் தாய் கேட்ட கேள்வியைவிட மேலானதொரு கேள்வி இந்த விஷயத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் முதன்முறைப் பிரமைக்கு ஒரே மருந்து என்று உலகத்தின் சிகிச்சை வழிகாட்டிகள் வற்புறுத்துவதன் காரணமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது.

பாரிஸில் தொடங்கிய கதை

பழைய சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1931-ஆம் ஆண்டிலேயே கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காள அறிஞர்கள், நம் நாட்டு மூலிகையாகிய சர்ப்பகந்தா சித்தக் கலக்கத்தைத் தணிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஆனால் உலகத்தின் போக்கை மாற்றியது 1952-இல் பாரிஸ் நகரத்துச் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் ஆகிய இருவரும் குளோர்புரோமசைன் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குப் பிரயோகித்துக் கண்ட பலன்தான். 1958-இல் பெல்ஜியத்தில் பால் ஜான்ஸனின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஹாலோபெரிடால் வந்தது. அதன்பின் ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன், அமிசல்பிரைட், அரிப்பிபிரசோல் என்று வரிசை நீண்டது. மருந்துகள் பெருகின, கூடவே அவற்றைக் கலந்து கொடுக்கும் வழக்கமும் பெருகியது.

ஒரு பூட்டுக்கு எத்தனை சாவி?

மூளையில் டோபமைன் என்னும் இரசாயனம் அமரும் இடங்களை மறிப்பதே இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றின் தொழில். எவ்வளவு மறித்தால் குணம் தெரியும், எவ்வளவு மறித்தால் தீங்கு விளையும் என்பதை, டில்லி எய்ம்ஸில் பயின்று கனடாவில் ஆராய்ச்சி செய்த ஷிதிஜ் கபூரும் அவருடைய தோழர்களும், முதன்முறை நோயுற்ற 22 பேருக்கு ஹாலோபெரிடாலைச் சொற்ப அளவில் கொடுத்து, மூளையைப் படம் பிடிக்கும் கருவியால் நேரிலேயே அளந்து, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 65 இடங்கள் மறிபட்டால் குணம் தெரியத் தொடங்குகிறது. 78-ஐத் தாண்டினால் உடல் விறைப்பும் நடுக்கமும் தலைகாட்டுகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள சந்து அவ்வளவு குறுகலானது. அந்த 65-ஐ எட்டுவதற்குப் பலருக்கு வேண்டியிருந்தது நாளொன்றுக்கு 1 முதல் 2.5 மில்லிகிராம் வரையிலான ஹாலோபெரிடால் மட்டுமே. தென்னாப்பிரிக்காவிலும் முதன்முறை நோயாளிகளிடம் 2 மில்லிகிராமையும் 8 மில்லிகிராமையும் ஒப்பிட்டபோது குணத்தில் பேதம் காணவில்லை. தொல்லைதான் அதிக அளவில் அதிகமாயிற்று.

முன்பின் இம்மருந்துகளைக் கண்டறியாத இளம் மூளை சிறிய அளவுக்கே செவிசாய்க்கிறது என்பதும், பெரிய அளவுக்கு விரைவில் துன்புறுகிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். முதல் சாவி ஏற்கெனவே பூட்டுக்குள் இருக்கும்போது, அதே பூட்டுக்கு இரண்டாவது சாவியையும் நுழைப்பதால் கதவு இன்னும் அகலமாகத் திறந்துவிடாது. பெரும்பாலும் நேர்வது 78-ஐத் தாண்டிய அந்த விறைப்பும் நடுக்கமும்தான். அதைத் தணிக்க மூன்றாவது மாத்திரை, அதனால் வாய் வறண்டு மலம் கட்டி ஞாபகம் மங்கினால் அதற்கு நான்காவது என்று, மருந்தே மருந்தைப் பெற்றெடுக்கும் விபரீதம் அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது.

நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் அது ரிஸ்பெரிடோனோடு ஒரே மாத்திரையாகக் கலந்தும் விற்கப்படுகிறது. நடுக்கம் வந்தவருக்கு அது உதவும். வராதவருக்கு வருமுன் காப்பதாகக் கருதி எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பதை உலகச் சுகாதார நிறுவனம் ஆதரிக்கவில்லை. மாறாக, தூக்கமேயில்லாமல் அலைபவரை முதல் சில நாள்கள் அமைதிப்படுத்தக் குறுகிய காலத்துக்கு ஒரு தூக்க மருந்தைச் சேர்த்துக்கொள்வது ஒற்றை மருந்து விதிக்கு விரோதமாகாது. பிரமை நீக்கும் மருந்து ஒன்றாக இருக்கட்டும் என்பதே விதி.

■ பெட்டிச் செய்தி: பரிசோதனைகள் சொல்லும் எண்கள்

ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் சேர்த்து 14 நாடுகளில் 498 பேரை வைத்து நடந்து 2008-இல் வெளியான யூஃபெஸ்ட் பரிசோதனையில், பழைய ஹாலோபெரிடாலும் நான்கு புதிய மருந்துகளும் நோய்க்குறிகளைக் குறைத்த அளவு ஏறக்குறைய ஒன்றே: சுமார் 60%. ஆனால் ஓராண்டுக்குள் கொடுத்த மருந்தைக் கைவிட நேர்ந்தவர்கள் ஹாலோபெரிடால் பிரிவில் 72%. ஓலன்சபைன் பிரிவில் 33%.

2018-இல் வெளியான ஆப்டிமைஸ் பரிசோதனையில் 446 பேருக்கு முதல் நான்கு வாரம் அமிசல்பிரைட் மட்டும் கொடுக்கப்பட்டது. 250 பேர், அதாவது 56%, நோய் தணிந்த நிலையை அடைந்தார்கள்.

டொரொன்டோவில் 244 முதன்முறை நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வில் முதல் மருந்துக்கே 75% பேர் குணம் கண்டார்கள். அது பலிக்காமல் இரண்டாவது மருந்துக்கு மாறியவர்களில் குணம் கண்டவர்கள் ஏறத்தாழ 17% மட்டுமே.

நான்கு வாரத்துப் பொறுமை

பெட்டியில் கண்ட ஆப்டிமைஸ் பரிசோதனையின் இரண்டாம் கட்டம் என் மனத்தை நெடுநாள் ஆட்கொண்டது. நான்கு வாரத்தில் தணியாதவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு அதே அமிசல்பிரைட்டையும் மறு சாராருக்கு ஓலன்சபைனையும் மேலும் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, மாற்றிக்கொண்டவர்களில் 44% பேரும், மாற்றாமல் அதிலேயே இருந்தவர்களில் 45% பேரும் தணிந்தார்கள். காலமே வேலை செய்தது. மாற்றம் எதையும் கூட்டவில்லை. அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்விலும் ஒரே மருந்தைத் தொடர்ந்தவர்களில் எட்டாம் வாரத்தில் ஏறத்தாழ 40% பேருக்குக் கிடைத்த குணம், பதினாறாம் வாரத்தில் 65% பேருக்குக் கிடைத்திருந்தது.

ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு நான்கு வாரம் என்பது நான்கு யுகம். இரவெல்லாம் விழித்திருந்து சுவரோடு பேசும் மகனைக் காவல் காக்கும் தகப்பனிடம் போய்ப் பொறுமையைப் போதிப்பது எளிதன்று. பத்தாம் நாள் அவர் வேறொரு டாக்டரைத் தேடுகிறார். அந்த டாக்டர் முந்தியதை நிறுத்தாமல் தம்முடையதைச் சேர்க்கிறார். ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது சில நாள்களுக்கு இரண்டும் சேர்ந்திருப்பது நியாயமே. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டியும் அந்தக் குறுகிய காலத்தைத் தவிர வேறு சமயத்தில் இரண்டைச் சேர்த்துத் தொடங்கலாகாது என்றுதான் கூறுகிறது. ஆனால் பாதி மாற்றத்தில் நோயாளிக்குச் சற்றே தெளிவு பிறந்துவிட்டால், எதை எடுத்தால் எது கவிழுமோ என்ற அச்சத்தில் இரண்டும் அப்படியே நிலைத்துவிடுகின்றன. யாரும் முடிவு செய்யாமலேயே இரண்டு மருந்து நிரந்தரமாகிவிடுகிறது.

இந்தக் குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 21 மாநிலங்களில் 34 சிகிச்சை நிலையங்களில் 404 முதன்முறை நோயாளிகளைச் சேர்த்த ரெய்ஸ் ஆய்வின்போது, அவர்கள் வந்து சேர்ந்த அன்றைக்குக் கையில் இருந்த மருந்துச் சீட்டுகளைப் பரிசீலித்தார்கள். 159 பேருடைய சீட்டு திருத்தப்பட வேண்டியதாக இருந்தது. அந்த 159 பேரில் 23.3% பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரமை நீக்கும் மருந்து எழுதப்பட்டிருந்தது, 36.5% பேருக்குத் தகுந்த காரணமின்றி மனச்சோர்வு மருந்தும் சேர்க்கப்பட்டிருந்தது.

விளைவு உடம்பில் தெரிகிறது

இருபது வயதுப் பெண்ணொருத்தி மூன்று மாதத்தில் தன் உடைகளெல்லாம் இறுகிப்போய்க் கண்ணாடி முன்னால் நிற்க மறுக்கிறாள் என்றால், அவளுக்கு அது நோயைக் காட்டிலும் சிறிய துக்கமாகத் தோன்றுவதில்லை. முதன்முறை நோயாளிகள் 400 பேரை ஓராண்டு கவனித்த அமெரிக்க ஆய்வொன்றில், உடல் எடை 7% அல்லது அதற்கு மேல் கூடியவர்கள் ஓலன்சபைன் பிரிவில் 80%, ரிஸ்பெரிடோன் பிரிவில் 57.6%, குவெட்டியாபின் பிரிவில் 50%. சில மருந்துகளால் மாதவிலக்கு நின்றுபோவதுண்டு. ஆண்களுக்குத் தாம்பத்திய சக்தி குன்றுவதுண்டு. இவற்றையெல்லாம் டாக்டரிடம் சொல்ல நம் பிள்ளைகள் கூசுகிறார்கள். சொல்லாமல் மாத்திரையைத் துப்பிவிடுகிறார்கள்.

மருந்துக் குவியலின் மிகக் கொடிய விளைவு அந்தத் துப்பும் செயலில்தான் இருக்கிறது. நியூயார்க்கில் முதன்முறை நோயுற்று நலம் பெற்ற 104 பேரைத் தொடர்ந்து கவனித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்தாண்டுக்குள் 81.9% பேருக்கு நோய் ஒருமுறையாவது திரும்பியதென்றும், மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடியதென்றும் தெரிவித்தது. ஆகவே முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது எது வலியது என்று கேட்பதைவிட, இந்தப் பிள்ளையால் எதை மாதக்கணக்கில் மனமுவந்து விழுங்க முடியும் என்று கேட்பதே விவேகம். யூஃபெஸ்ட் கண்டதும் அதுவே. முதல் அனுபவத்தில் நாக்குத் தடித்துக் கழுத்து இழுத்துக்கொண்ட ஒருவனிடம் இரண்டாம் முறை மாத்திரையை நீட்டிப் பாருங்கள், கையைத் தட்டிவிடுவான்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்கக் கூடாது. பின்லாந்தில் மனச்சிதைவு நோயாளிகள் 62,250 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-இல் வந்த கட்டுரை, குளோசபைன் என்ற மருந்தோடு அரிப்பிபிரசோலைச் சேர்த்து உண்டவர்களே மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தது மிகக் குறைவு என்று சொன்னது. அதை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தக் கூட்டணி, ஒவ்வொரு மருந்தாகச் சோதித்துத் தோற்ற பின்னர் நெடுநாள் நோயாளிகளிடம் வந்து சேரும் இடம். நேற்றுத்தான் குரல் கேட்கத் தொடங்கிய பையனின் முதல் சீட்டு அன்று. இரண்டு மருந்துகளை முறையாக, போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் பலிக்கவில்லையானால், மூன்றாவதாகக் குளோசபைனைத் தாமதமின்றி எண்ண வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் முதல் இரண்டும் தனித்தனியே சோதிக்கப்படாமல் கலந்து கொடுக்கப்பட்டிருந்தால், பலிக்காதது எது என்பதை எவ்வாறு அறிவது? மஞ்சள் பையோடு வந்த தாயின் கேள்விதான் மறுபடியும்.

சென்னை சொன்ன சாட்சி

முதன்முறை நோயாளிகளைக் கவனிப்பதில் சென்னைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக நெடுங்காலம் இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவிப்பதற்கு முன்பே, 1981-82-இல் சென்னையில் முதன்முறையாக மனச்சிதைவுக்கு ஆளான 90 பேரைத் தேர்ந்து, அவர்களுடைய வாழ்க்கையைத் தொடர்ந்து கவனிக்கும் பணி தொடங்கியிருந்தது. அந்நிறுவனத்து டாக்டர் தாரா முதலானோர் அவர்களைப் பத்தாண்டு, இருபதாண்டு, இருபத்தைந்தாண்டு என்று விடாமல் பின்தொடர்ந்தார்கள். பத்தாண்டு முடிவில் அவர்களில் பெரும்பான்மையோர் நல்ல நிலையில் இருந்தது, இந்நோய் வந்தால் வாழ்வே போயிற்று என்ற பேச்சைப் பொய்யாக்கியது.

பிற்காலத்தில் ஸ்கார்ஃப் நிறுவனமும் கனடாவின் மான்ட்ரியால் நகரத்துச் சிகிச்சை நிலையமும் முதன்முறை நோயாளிகளை இரண்டாண்டு காலம் ஒப்பிட்டன. முடிவுகள் 2020-இல் வெளியாயின. குரல் கேட்பது, சந்தேகம் கொள்வது போன்ற குறிகள் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே விதமாகத் தணிந்தன. ஆனால் ஊக்கமின்மை, உணர்ச்சி வறட்சி, ஒதுங்கியிருத்தல் ஆகியவற்றில் சென்னை நோயாளிகள் மேம்பட்டு நின்றார்கள். எந்த மாத்திரையும் எளிதில் தொட முடியாத பகுதி அது. சென்னையில் குடும்பத்தார் சிகிச்சையில் கூடவே இருந்தது அதற்கு ஒரு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. மாத்திரையை எடுத்துக் கொடுப்பவள், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போகிறவர், கடைக்கு அனுப்பிச் சில்லறையை எண்ணி வாங்கச் செய்கிறவர் என்று நம் வீடுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஒற்றை மருந்துச் சிகிச்சை ஒற்றைச் சிகிச்சை அன்று என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மருந்து ஒன்றாக இருக்கலாம். மனிதர்கள் பலராக இருக்க வேண்டும்.

அதே குடும்பங்கள் வைத்தியரிடம் வருவதற்கு முன் எத்தனை வாசல்களை மிதிக்கின்றன என்பதும் உண்மை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் தர்கா ஊராகிய ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கிரையானதை மறந்துவிட முடியாது. தாமதம் நம் நாட்டில் மட்டுமா? அமெரிக்காவின் ரெய்ஸ் ஆய்வில் நோய் தொடங்கியதற்கும் தக்க சிகிச்சை தொடங்கியதற்கும் இடையில் கழிந்த காலத்தின் நடு அளவு 74 வாரம்! நார்வேயில் ஸ்டாவங்கர் நகரத்தைச் சேர்ந்த பகுதியில் பள்ளிக்கூடங்களிலும் செய்தித்தாள்களிலும் நோயின் குறிகளை எடுத்துச் சொல்லி, அழைத்தவுடன் வந்து பார்க்கும் குழுக்களை அமைத்தபோது, அந்த நடு அளவு 5 வாரமாக இருந்தது. அவ்வேற்பாடு இல்லாத பகுதிகளில் 16 வாரம். தாமதம் நீள நீளக் குணம் கடினமாகிறது. கடினமாக ஆக ஆக மாத்திரைகள் கூடுகின்றன. முதல் மாதத்திலேயே வந்தவனுக்கு ஒரு மருந்து போதுமானதாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

எத்தனை காலம்?

எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி இது. இதற்கு ஒரே பதில் இல்லை. 65 பரிசோதனைகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27% பேருக்கு. நிறுத்தியவர்களில் 64% பேருக்கு. நெதர்லாந்து நாட்டு டாக்டர் வுண்டரிங்க் முதன்முறை நோயாளிகள் 103 பேரை ஏழாண்டு தொடர்ந்து 2013-இல் வேறொரு செய்தியைச் சொன்னார்: தொடக்கத்திலேயே மருந்தைக் குறைக்க முயன்ற பிரிவில் 40.4% பேரும், குறைக்காத பிரிவில் 17.6% பேரும் முழு நலம் பெற்றிருந்தார்கள். இது கேட்டு ஆசை பிறந்தது. ஆனால் 2023-இல் பிரிட்டனில் நெடுநாள் நோயாளிகள் 253 பேரிடம் மெல்ல மெல்லக் குறைத்துப் பார்த்த ராடார் பரிசோதனையில், இரண்டாண்டு முடிவில் வாழ்க்கைத் திறம் மேம்படவில்லை; கடுமையாக நோய் திரும்பியவர்கள் குறைத்தவர்களில் 25%, குறைக்காதவர்களில் 13%. நலம் பெற்றபின் குறைந்தது ஓரிரண்டு ஆண்டு தொடர்ந்து உட்கொண்டு, அதன்பின் டாக்டரின் கண்பார்வையில் மிகச் சிறிய படிகளாகக் குறைத்துப் பார்ப்பதே இப்போதைக்கு நியாயமான வழியென்று எனக்குப் படுகிறது. ஒரே மருந்து உண்பவனுக்குத்தான் அந்தப் படிகளில் இறங்குவது சாத்தியம். ஐந்து மாத்திரைக்காரனுக்கு எந்தப் படியில் கால் வைப்பதென்றே தெரியாது.

■ பெட்டிச் செய்தி: வீட்டார் கவனிக்க வேண்டியவை

மருந்து தொடங்குமுன் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், வலிப்பு, தைராய்டு கோளாறு, கஞ்சா பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

புதிய மாத்திரை எழுதப்படும்போது, "பழசை நிறுத்தணுமா, எப்போ நிறுத்தணும்?" என்று கேளுங்கள்.

கடும் காய்ச்சலோடு உடல் விறைத்து நினைவு குழம்பினால் அது அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பல மாத்திரை உண்பவர்கள் இக்கட்டுரையைப் படித்துத் தாமாக எதையும் நிறுத்த வேண்டாம். திடீர் நிறுத்தம் ஆபத்து.

மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை.

நோட்டுப் புத்தகம்

அன்று அந்த மேசையில் டாக்டர் ஐந்து அட்டைகளையும் ஒரே வீச்சில் ஒதுக்கித் தள்ளிவிடவில்லை. ஒன்றை மட்டும் தொடர வேண்டியதென்று வலப்புறம் வைத்து, மற்ற நான்கையும் எந்த வாரம் எதைப் பாதியாக்குவது, எதை நிறுத்துவது என்று தேதி போட்டு எழுதினார். பிறகு அந்தத் தாயிடமிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, ஸ்கேலை வைத்து நான்கு பத்தி கோடு போட்டார்: தூக்கம், சாப்பாடு, குரல், கை.

"தினம் ராத்திரி ஒரு வரி எழுதுங்கம்மா. எழுத வராட்டி தம்பியையே எழுதச் சொல்லுங்க."

பையன் அப்போதுதான் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "குரல் நின்னுடுமா சார்?"

"முதல்ல சத்தம் குறையும். நாள் ஆகும் தம்பி. எனக்கு நீ சொல்லிக்கிட்டே இருக்கணும்."

பத்து வாரம் கழித்து அந்த நோட்டு மறுபடியும் அதே மேசைக்கு வந்தது. முதல் பக்கங்களில் இருந்தது தாயின் பென்சில் எழுத்து; பாதிக்கு மேல் எழுத்து மாறியிருந்தது, பேனாவில், சாய்வாக, பாலிடெக்னிக்கில் வரைபடத்துக்குத் தலைப்பு எழுதிப் பழகிய கை. கடைசி வரியில் இப்படி இருந்தது: தூக்கம், ஏழு மணி நேரம். சாப்பாடு, மூணு தோசை. குரல், ஒருத்தர்தான், தூரத்துல. கை, நடுங்கல.